பத்தாயிரத்துக்குள் ஒரு போன்: உப்புக் காற்றில் உழைப்பவருக்கான விலைக் கணக்கு

2024 நவம்பர் 27ஆம் தேதி ரெட்மி ஏ4 5ஜி விற்பனைக்கு வந்தது. ஆரம்ப விலை 8,499 ரூபாய். பத்தாயிரத்துக்குள் ஒரு 5ஜி போன் என்று, புதுச்சேரி எல்லையை ஒட்டிய கோட்டக்குப்பம் கடைத்தெருவிலும் பேச்சு ஓடியது. அடுத்த மூன்றாம் நாள், நவம்பர் 30 இரவு, ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரையைக் கடந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. கரண்ட் இல்லாத அந்த நேரத்தில் கையிலிருந்த போனைப் பற்றி வீட்டில் எழும் கேள்விகளே வேறு. எத்தனை சதவீதம் சார்ஜ் இருக்கிறது? டவர் எடுக்கிறதா? ரேடியோ கேட்க முடியுமா? நனைந்த கையால் தொட்டால் வேலை செய்யுமா? ஆனால் போன் பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் போட்டிருப்பது 5ஜி, 50 எம்.பி. கேமரா, 120 ஹெர்ட்ஸ் திரை.

எனவே விலைச் சீட்டை முதலில் பார்க்காதீர்கள். அந்தப் போன் எந்த சிம்மில், எந்த வெயிலில், எந்தக் காற்றில், எத்தனை வருஷம் ஓடப்போகிறது என்பதை முடிவு செய்துகொண்டு, அப்புறம் விலைக்கு வாருங்கள். தந்திராயன்குப்பத்தில் ஃபைபர் படகு வைத்திருப்பவருக்கும், மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாருபவருக்கும், துபாயில் இருக்கும் மகனோடு தினமும் பேசும் தாய்க்கும் ஒரே போன் சரியாக வராது. மூவரும் ஒரே விலையைக் கொடுத்தாலும் சரி.

5ஜி என்றால் எந்த 5ஜி?

கடையில் இப்படி ஒரு பேச்சு நடக்கும்.

"5ஜி போன்தான் பாய், கண்ண மூடிட்டு எடுத்துக்குங்க."

"எந்த சிம்முக்கு தம்பி?"

"எல்லா சிம்மும் போடலாம் பாய்."

தம்பி சொல்வது பொய்யில்லை. எல்லா சிம்மும் போடலாம், பேசலாம், 4ஜியும் வரும். ஆனால் 5ஜி வருமா என்பது வேறு கேள்வி. இந்தியாவில் 5ஜி 2022 அக்டோபர் 1 அன்று தொடங்கியபோதே இரண்டு வழிகளில் வந்தது. ஜியோ தன் 5ஜியைத் தனி வலையாகவே அமைத்தது, இதை எஸ்.ஏ. என்பார்கள். ஏர்டெல் தன்னுடைய 4ஜி வலையின் மேல் 5ஜியை ஏற்றி ஓட்டியது, இது என்.எஸ்.ஏ. விலையைக் குறைப்பதற்காக ரெட்மி ஏ4 5ஜியில் எஸ்.ஏ. மட்டுமே கொடுத்திருந்தார்கள். அதனால் அறிமுகமான நாளில் அந்தப் போனில் ஜியோ 5ஜி ஓடியது, ஏர்டெல் சிம் போட்டால் 4ஜியோடு நின்றது. அடுத்த மாதம் 7,999 ரூபாய்க்கு வந்த போகோ சி75 5ஜியிலும் இதே கதைதான்.

ஏர்டெல் சிம் வைத்திருப்பவர் 5ஜிக்காகவே அந்தப் போனை வாங்கினால், கொடுத்த காசுக்குரிய பொருள் அவர் கைக்கு வரவில்லை. ஏர்டெல்லும் எஸ்.ஏ. பக்கம் நகர்ந்துகொண்டிருக்கிறது. ஆகையால் வாங்கும் நாளன்று இரண்டு இடத்தில் கேளுங்கள். உங்கள் சிம் நிறுவனத்திடம், "என் பகுதியில் உங்கள் 5ஜி எஸ்.ஏ.வா, என்.எஸ்.ஏ.வா?" போன் கடையில், "இந்த மாடல் இரண்டையும் எடுக்குமா?" கடைக்காரருக்குத் தெரியவில்லை என்றால், நிறுவனத்தின் இணையதளத்தில் அந்த மாடலின் விவரப் பக்கத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

அதே பக்கத்தில் பேண்டு எண்களும் இருக்கும். பி.எஸ்.என்.எல். சிம்மை விடாமல் வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். 2025 செப்டம்பர் 27 அன்று தேசிய அளவில் தொடங்கப்பட்ட பி.எஸ்.என்.எல்.லின் உள்நாட்டு 4ஜி, 700 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையையும் பயன்படுத்துகிறது. 4ஜி பட்டியலில் அதன் பெயர் பேண்டு 28. அலைவரிசை எண் குறையக் குறைய அலை அதிக தூரம் போகும், சுவரையும் நன்றாகத் துளைக்கும். கரையிலிருந்து தள்ளிப் போகிறவருக்கு இது பெரிய வித்தியாசம். பேண்டு 28 இல்லாத போனை பி.எஸ்.என்.எல்.லுக்காக வாங்காதீர்கள்.

இன்னொரு செலவையும் இங்கேயே கணக்கில் சேர்க்க வேண்டும். 2024 ஜூலையில் ரீசார்ஜ் கட்டணங்கள் ஏறியபோது, ஜியோவும் ஏர்டெல்லும் அளவில்லா 5ஜியை தினம் 2 ஜி.பி.யும் அதற்கு மேலும் தரும் திட்டங்களோடு மட்டும் நிறுத்திக்கொண்டன. நீங்கள் 1.5 ஜி.பி. திட்டம்தான் போடுவீர்கள் என்றால், 5ஜி போன் வாங்கியும் அந்தச் சலுகை கிடைக்காது. என் எண்ணம் இதுதான்: நான்கு வருஷம் வைத்திருப்பவர் 5ஜி வாங்கட்டும். இரண்டு வருஷத்தில் மாற்றிவிடுவேன் என்பவர், சின்ன ரீசார்ஜ் போடுபவர், அந்தப் பணத்தை ஸ்டோரேஜிலும் பேட்டரியிலும் போடுவது மேல்.

உப்பு செய்யும் வேலை

கிழக்குக் கடற்கரைச் சாலையில் எந்தப் போன் ரிப்பேர் கடையிலும் உட்கார்ந்து பாருங்கள். "சார்ஜ் ஏற மாட்டேங்குது" என்று வரும் போனைக் கடைக்காரர் லென்ஸுக்கு அடியில் வைத்து, சார்ஜ் போடும் ஓட்டையை விளக்கில் காட்டுவார். உள்ளே இருக்கும் பொடிப்பொடி பின்களில் ஒன்றிரண்டின் மேல் பச்சைப் பொடி படிந்திருக்கும். அது பூஞ்சை இல்லை. செம்பு அரித்து வந்த பச்சை.

உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தைத் தானே இழுத்துக்கொள்ளும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால், காய்ந்து கிடக்கும் உப்புத் தூளும் கசிந்து நீராகிவிடும். நம் கரையில் விடியற்காலையில் அப்படிப்பட்ட ஈரம் அபூர்வமில்லை. அந்த உப்பு நீர் மின்சாரத்தைக் கடத்தும். சார்ஜர் செருகியதும் 5 வோல்ட் பின்னுக்கும் பக்கத்துப் பின்னுக்கும் நடுவே மின்சாரம் கசிந்து ஓடுகிறது. மேல்பூச்சு போய், செம்பு கரைந்து, பச்சை பூக்கிறது. போன் கடலில் விழவே வேண்டியதில்லை. வியர்வையும் உப்புத் தூளும் சேர்ந்த சட்டைப்பையே போதும்.

பெட்டியில் ஐபி52, ஐபி54 என்று போட்டிருப்பதை இந்த இடத்தில் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள். முதல் எண் தூசிக்கு, இரண்டாவது எண் தண்ணீருக்கு. 52 என்றால் ஓரளவு தூசியையும், மேலிருந்து சொட்டும் நீரையும் தாங்கும். 54 என்றால் எந்தப் பக்கமிருந்து தெறித்தாலும் தாங்கும். மூழ்கினால் இரண்டும் தாங்காது. இந்தச் சோதனைகள் எல்லாம் நல்ல தண்ணீரில் நடப்பவை. கடல் நீருக்கு அந்த எண் எந்த உறுதியும் தரவில்லை. தண்ணீர் புகுந்த போனுக்குப் பொதுவாக வாரண்டியும் கிடையாது. உள்ளே ஒட்டியிருக்கும் சிறு வில்லை நனைந்தால் நிறம் மாறும், சர்வீஸ் சென்டரில் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள். ஆனாலும் ஒரே விலையில் இரண்டு போன் இருந்தால், ஐபி54 உள்ளதை எடுங்கள். சாரல் அடிக்கும் படகில் அது உதவும்.

போனோடு ஜிப் வைத்த பிளாஸ்டிக் பவுச் ஒன்றும் வாங்குங்கள். வேலையிலிருந்து வந்ததும் சார்ஜ் போடாதீர்கள். ஈரத் துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் துடைத்து, சிறிது நேரம் காற்றாடிக்கு அடியில் வைத்துவிட்டு அப்புறம் செருகுங்கள். ஓட்டையை ஊசியால் குத்தாதீர்கள். கடல் நீரில் விழுந்துவிட்டால் உடனே அணைத்து, சிம் தட்டை வெளியே எடுத்து, அன்றைக்கே ரிப்பேர் கடைக்குக் கொண்டு போங்கள். அரிசியில் புதைப்பதால் பயனில்லை. ஈரம் கொஞ்சம் வற்றினாலும் உப்பு உள்ளேயே தங்கிவிடும், அரிப்பது உப்புதான்.

அதனால் நம் ஊருக்கு ஒரு தனிக் கேள்வி உண்டு. வாங்கப்போகும் மாடலைச் சொல்லி, ரிப்பேர் கடைக்காரரிடம் முன்கூட்டியே கேளுங்கள்: "இதுக்கு சிசி போர்டு தனியா கிடைக்குதா? என்ன விலை ஆகும்?" சிசி போர்டு என்பது சார்ஜ் செருகும் ஓட்டை உள்ள சின்ன பலகை. சில மாடல்களில் அது தனியாகக் கழன்று வரும், மாற்றுவது எளிது. சிலவற்றில் ஓட்டை மெயின் போர்டிலேயே பற்றவைத்திருக்கும், அப்போது கூலி ஏறும். டிஸ்பிளே காம்போ (திரையும் தொடு கண்ணாடியும் சேர்ந்தது) விலையையும் அப்படியே கேட்டுக்கொள்ளுங்கள். போனின் விலையில் பாதியை டிஸ்பிளேவே கேட்கிறது என்றால் அந்த மாடலை விட்டுவிடலாம். அதிகம் விற்காத மாடலுக்கு உதிரி பாகம் வர நாளாகும் என்பதையும் அவரே சொல்லுவார்.

வெயிலில் தெரிகிறதா?

உப்பளத்தில் வெயில் மேலிருந்தும் வரும், கீழே கிடக்கும் வெள்ளை உப்பிலிருந்தும் வரும். முந்தானையைத் தலைக்கு மேல் கூடாரமாகப் பிடித்துக்கொண்டு, அந்த நிழலுக்குள் போனை வைத்து ஓ.டி.பி. படிக்கும் பெண்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்களுக்குத் தேவை திரை வெளிச்சம். 120 ஹெர்ட்ஸ் அல்ல. வெளிச்சத்தை நிட்ஸ் என்ற அளவில் சொல்வார்கள். இந்த விலையில் 450 முதல் 600 வரை பார்க்கலாம், எண் கூடினால் நல்லது. ஆனால் எண்ணை நம்புவதைவிட எளிய சோதனை இருக்கிறது. டெமோ போனைக் கடை வாசலுக்குக் கொண்டுவந்து, வெளிச்சத்தை முழுதாக ஏற்றி, ஒரு தமிழ்ச் செய்தியைத் திறந்து படித்துப் பாருங்கள். புள்ளியும் கொம்பும் தெளிவாகத் தெரிந்தால் போதும். மதிய நேரத்தில் போவது உத்தமம். ஏசி கடைக்குள் எல்லாத் திரையும் பளிச்சென்றுதான் இருக்கும்.

கைரேகை விஷயமும் உண்டு. உப்பு வாரும் கை, வலை இழுக்கும் கை தேய்ந்து போயிருக்கும். ஆதார் கருவியில் ரேகை பதியாதவருக்குப் போனிலும் பதியாமல் போகலாம். கைரேகை சென்சார் உள்ள போனுக்காகக் கூடுதலாகப் பணம் கொடுக்க வேண்டாம். ஆறு இலக்கப் பின் எண் போட்டுக்கொள்ளுங்கள்.

கடலுக்குப் போகிறவர்கள் விவரப் பட்டியலில் இ-காம்பஸ் இருக்கிறதா என்று தேடுங்கள். ஜி.பி.எஸ். செயற்கைக்கோளிலிருந்து நேரடியாக வருவதால் டவர் இல்லாவிட்டாலும் இருக்கும் இடத்தைக் காட்டும். ஆனால் நிற்கும் படகில் முனை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று சொல்ல இ-காம்பஸ் என்னும் காந்தமானி வேண்டும். விலை குறைந்த பல போன்களில் அதை எடுத்துவிடுகிறார்கள். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஃபிஷர் ஃபிரெண்ட் செயலியில் காற்று, அலை, மீன் கிடைக்கும் இடம் ஆகியவை தமிழிலேயே வருகின்றன. அதை ஏற்றி வைத்திருப்பவருக்குக் கேமராவைவிடக் காம்பஸ் முக்கியம்.

எஃப்.எம். ரேடியோவும் அப்படித்தான். பேரிடர் நேரத்தில் உதவும் என்பதால் போன்களில் எஃப்.எம்.மை முடக்காமல் வைக்கும்படி 2023 ஏப்ரலில் மத்திய அரசே நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. டவர் சாய்ந்தாலும் வானொலி நிலையம் ஓடும் வரை செய்தி வரும். ஒயர் ஹெட்போன்தான் அதற்கு ஆண்டெனா. ஹெட்போன் ஓட்டை உள்ள போனைத் தேர்ந்தெடுத்து, ஒயர் ஹெட்போன் ஒன்றைப் பாதுகாத்து வையுங்கள். பேட்டரி 5,000 எம்.ஏ.எச்.க்குக் குறையக் கூடாது.

பெட்டி மேல் எழுதிய எண்கள்

"8 ஜி.பி. ரேம்" என்று போட்டிருந்தால் அதற்குக் கீழே உள்ள சின்ன எழுத்தைப் படியுங்கள். 4 + 4 என்று இருக்கும். உண்மையான ரேம் 4 ஜி.பி.; மீதி, ஸ்டோரேஜில் ஒரு பகுதியை ரேம் போலப் பயன்படுத்துவது. வேகத்தில் இரண்டும் ஒன்றாகாது. உண்மையான 4 ஜி.பி.க்குக் கீழே இறங்காதீர்கள். முடிந்தால் 6.

ஸ்டோரேஜ் 64 என்றால் சிஸ்டமே நல்ல பங்கை எடுத்துக்கொள்ளும். ஜமாத் குரூப், பள்ளிக்கூட குரூப், சொந்தக்காரர் குரூப் என்று வாட்ஸ்அப்பில் வந்து சேரும் வீடியோக்களுக்கு மீதி தாங்காது. "போன் ஹேங் ஆகுது" என்பதில் பெரும்பாலும் நிரம்பிய ஸ்டோரேஜ்தான் காரணம். 128 ஜி.பி.க்கு ஆயிரம் ரூபாய் கூடுதலானாலும் கொடுக்கலாம். இந்த விலையில் நான் கூசாமல் பரிந்துரைக்கும் கூடுதல் செலவு இது ஒன்றுதான்.

கேமராவுக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. 50 எம்.பி. என்று போட்டிருந்தாலும் நான்கு புள்ளிகளை ஒன்றாக்கி 12 எம்.பி. படமாகத்தான் வழக்கமாகச் சேமிக்கும். வீடியோ கால் பேசுபவர்கள் முன்பக்கக் கேமராவையும் மைக்கையும் சோதியுங்கள். அமீரகத்தில் வாட்ஸ்அப் கால் வேலை செய்யாததால், அங்கிருப்பவர்களோடு போட்டிம் செயலியில்தான் பேச்சு நடக்கும். அதில் ஒரு கால் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

எத்தனை வருஷம் அப்டேட் தருவோம் என்று நிறுவனம் சொல்லியிருக்கிறது என்பதைப் பலர் கேட்பதே இல்லை. ரெட்மி ஏ4க்கு இரண்டு ஆண்ட்ராய்டு பதிப்புகளும் நான்கு வருஷப் பாதுகாப்பு அப்டேட்டும் என்றார்கள். 2025 பிப்ரவரியில் வந்த சாம்சங் எம்06 5ஜிக்கு நான்கு பதிப்புகள், நான்கு வருஷப் பாதுகாப்பு. ஆனால் சாம்சங் பெட்டியில் சார்ஜர் இருக்காது; அந்தச் செலவை விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள். வங்கிச் செயலியும் யு.பி.ஐ.யும் ஓடும் போனுக்குப் பாதுகாப்பு அப்டேட் நிற்கக் கூடாது.

இனி விலை

ஒன்பதாயிரம் ரூபாய்ப் போன் இரண்டு வருஷம் ஓடினால் மாதம் 375 ரூபாய். பன்னிரண்டாயிரம் ரூபாய்ப் போன் நான்கு வருஷம் ஓடினால் மாதம் 250. உப்பிலும் வெயிலிலும் எது நான்கு வருஷம் தாக்குப்பிடிக்கும் என்பதை மேலே பார்த்தவற்றை வைத்து எடை போடுங்கள்.

முத்தியால்பேட்டை தாண்டிப் புதுச்சேரிக் கடைகளுக்குப் போனால் விலை குறையும் என்பது வாட் வரிக் காலத்துப் பழக்கம். 2017 ஜூலை முதல் ஜி.எஸ்.டி. வந்தபின் வரி இரு பக்கமும் ஒன்றே. 2020 ஏப்ரல் 1 முதல் போனுக்கு 18 சதவீதம். 8,499 ரூபாயில் ஏறக்குறைய 1,300 ரூபாய் வரிதான். நேரு வீதிக்கும் அண்ணா சாலைக்கும் போவதில் உள்ள லாபம், மாடல்களை அருகருகே வைத்துப் பார்க்கலாம் என்பது. "பில் இல்லாம ஐந்நூறு குறைச்சுக்கறேன்" என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன். 2025 இறுதியிலிருந்து மெமரி சிப் விலை உலகெங்கும் ஏறியதால் போன் விலைகளும் ஏறின. இங்கே உள்ள தொகைகள் அந்தந்த நாளின் விலை.

தவணைக்கு வருவோம். "வட்டியில்லாத் தவணை" என்கிறார்கள். 9,000 ரூபாய்ப் போனை ரொக்கத்துக்கு 8,500க்குத் தருவார் என்று வையுங்கள். தவணையில் எடுத்தால் ஆறு மாதம் 1,500 கட்ட வேண்டும். முன்பணமாகக் கோப்புக் கட்டணம் 300, அதன் மேல் ஜி.எஸ்.டி. 54. ஆக 854 ரூபாய் கூடுதல். ஒவ்வொரு மாதமும் அசல் குறைந்துகொண்டே வருவதால், கணக்குப் போட்டால் இது நூற்றுக்கு மாதம் கிட்டத்தட்ட மூன்று வட்டி. ஊரில் மூன்று வட்டிக்கு வாங்க யோசிப்பவர்கள் இதற்கு யோசிக்காமல் கையெழுத்துப் போடுகிறார்கள் என்பது எனக்கு வருத்தம்தான். 2024 அக்டோபர் 1 முதல் கடன் கொடுப்பவர் முக்கிய விவர அறிக்கை ஒன்றை, கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில், ஆண்டு வட்டி விகிதத்தோடு தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. கேட்டு வாங்கிப் படியுங்கள். தவணை தவறினால் போனைப் பூட்டும் செயலி எதையாவது ஏற்றுகிறார்களா என்றும் கேளுங்கள்.

தவணை எடுத்தே ஆக வேண்டும் என்றால் மாதத்தைப் பார்த்து எடுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அரசு தரும் நிவாரணம் 8,000 ரூபாய் வீட்டுச் செலவுக்கே பற்றாது. உப்பளத்தில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையில் வேலை நின்றுவிடும், மழைக்கால நிவாரணம் 5,000 ரூபாய். தீபாவளி ஆஃபரில் எடுத்த தவணை நேராக அந்த வேலையில்லா மாதங்களில் போய் விழும். உப்பளக் குடும்பங்கள் மாசி, பங்குனியில் வாங்கி, மழைக்கு முன்பே கட்டி முடிப்பது நல்லது.

வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவரும் போனை வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் வாங்கும் முன்பே அவரிடம் சொல்லிவிடுங்கள்: பேண்டு எண்களைப் பார்க்க வேண்டும், அங்கத்திய சிம் நிறுவனத்தோடு பூட்டியிருக்கக் கூடாது, அமெரிக்காவில் விற்கும் ஐபோன்களில் 14 முதல் சிம் தட்டே இல்லை, சில சாம்சங் போன்களில் அந்த நாட்டு சிம்மைப் போட்டு முதலில் சிறிது நேரம் பேசினால்தான் நம் சிம்மை ஏற்கும். பெரும்பாலானவற்றுக்கு இங்கே வாரண்டி கிடையாது.

பணம் கொடுக்கும் முன்

போனில் *#06# அழுத்தினால் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் வரும். பெட்டியிலும் பில்லிலும் அதே எண் இருக்க வேண்டும். கே, ஒய், எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை அடித்து, ஓர் இடைவெளி விட்டு, அந்த எண்ணையும் சேர்த்து 14422க்கு எஸ்.எம்.எஸ். அனுப்புங்கள். மாடல் பெயர் பதிலாக வரும்; முடக்கப்பட்ட போன் என்றால் அதையும் சொல்லும். பழைய போன் வாங்குபவர்கள் இதைச் செய்யாமல் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம்.

ஜி.எஸ்.டி. பில்லைப் படம் எடுத்து வீட்டில் இன்னொருவர் போனுக்கு அனுப்பிவையுங்கள். போன் தொலைந்தால் அந்தப் பில்லோடு போலீசில் புகார் கொடுத்து, அதன் நகலை மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் ஏற்றினால் நாடு முழுவதும் போன் முடங்கும். கோட்டக்குப்பத்தில் தொலைந்தால் தமிழ்நாடு போலீஸ், நாலு தெரு தள்ளித் தொலைந்தால் புதுச்சேரி போலீஸ். முடக்கம் இரண்டுக்கும் ஒன்றே. போன் பழுதாக வந்து கடைக்காரர் கைவிரித்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். புதுச்சேரியில் வாங்கியிருந்தாலும், ஆன்லைனில் வாங்கியிருந்தாலும், விழுப்புரம் ஆணையத்துக்குப் போனால் போதும்.

முதல் வாரத்தில் போனை நன்றாக வேலை வாங்குங்கள். இரண்டு சிம்மிலும் பேசுங்கள், ஹாட்ஸ்பாட் போடுங்கள், ஒரு மணி நேரம் வீடியோ ஓட்டிச் சூட்டைப் பாருங்கள், படகிலோ பாத்தி வரப்பிலோ நின்று டவர் எத்தனை கோடு என்று பாருங்கள். திருப்பிக் கொடுக்கும் கெடு பெரும்பாலும் ஏழு நாள்தான். அது முடியும் வரை பெட்டியைக் கிழிக்காதீர்கள், பழைய போனையும் எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடாதீர்கள்.